குரல் வாசலில் ஒரு குழாய்

ஆபரேஷன் வயிற்றில். தையல் போட்டிருப்பதும் வயிற்றில்தான். ஆனால் கண் விழித்ததும், "கொஞ்சம் தண்ணீர்" என்று கேட்க வாயைத் திறக்கிறீர்கள். குரல் வரவில்லை, காற்றுத்தான் வருகிறது. எச்சிலை விழுங்கினால் தொண்டையில் முள் குத்துகிறது. 'பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டு, தொண்டையில் என்னத்தைச் செய்து வைத்தார்கள்?' என்று திகைக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியாரோ, "உள்ளே ஏ.ஸி. ஜாஸ்தி, அதுதான் உனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போனதும் மிளகுக் கஷாயம் போட்டுத் தருகிறேன், எல்லாம் சரியாய்ப் போய்விடும்" என்று தைரியம் சொல்கிறார்.

மாமியார் மேல் குற்றம் இல்லை. அவருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கிய காகிதத்தில் பொடி எழுத்தில் எங்கேயோ ஒரு மூலையில் இருந்திருக்கும். நீங்கள் நினைவில்லாமல் படுத்திருந்த நேரம் முழுவதும் உங்கள் வாய் வழியாக ஒரு குழாய் நுழைந்து, குரல்வளையைத் தாண்டி, மூச்சுக் குழலுக்குள் இருந்தது. "கண்ணைத் திறங்கம்மா, மூச்சை நன்றாக இழுங்கள்" என்று சொல்லி அதை வெளியே எடுத்தார்கள். அது உங்களுக்கு ஞாபகம் இல்லை. தொண்டைக்கு இருக்கிறது.

அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இன்று இல்லாவிட்டாலும் நாளை, நமக்கு இல்லாவிட்டாலும் வீட்டில் ஒருவருக்கு, அந்தக் குழாயின் தயவு வேண்டியிருக்கும்.

'தூங்கும்போதும் மூச்சு விட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்? மயக்க மருந்து கொடுத்தால் மட்டும் குழாய் எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மயக்கம் வேறு, தூக்கம் வேறு. தூக்கத்தில் எச்சில் வழி தவறினால் இருமி விடுவோம். நாக்கு பின்னால் சரிந்தால் குறட்டை விட்டுப் புரண்டு படுப்போம். மயக்கத்திலோ இந்தக் காவல்காரர்கள் அத்தனை பேரும் லீவில் போய்விடுகிறார்கள். அது மட்டுமா? வயிற்றுத் தசை விறைத்துக்கொண்டிருந்தால் ஸர்ஜனால் வேலை செய்ய முடியாது. அதற்காகத் தசைகளைத் தளர்த்த இன்னொரு மருந்தும் கொடுக்கிறார்கள். தென் அமெரிக்க வேடர்கள் அம்பு நுனியில் தடவும் 'குராரே' என்ற விஷத்திலிருந்து எடுத்த மருந்தை 1942-ல் கனடாவில் மான்ட்ரீல் நகரத்து டாக்டர் ஹரால்ட் கிரிஃபித் ஆபரேஷனில் கொடுத்துக் காட்டினார். அதன் பிறகு அந்த முறை உலகெங்கும் பரவிவிட்டது. மருந்துகள் இப்போது வேறு; வேலை அதேதான். அவை வயிற்றுத் தசையை மட்டும் தனியாகத் தளர்த்துவதில்லை. மூச்சு விடும் தசைகளும் சேர்ந்து ஓய்ந்து போகும்.

அப்போது உங்களுக்காக மூச்சு விடுபவர் மயக்க மருந்து டாக்டர். அவர் அனுப்பும் பிராணவாயு நேராக நுரையீரலுக்குப் போக வேண்டும். இரைப்பையில் இருப்பது மேலே எதிர்த்து வந்து நுரையீரலில் இறங்கிவிடக் கூடாது. இரண்டு காரியத்தையும் அந்தக் குழாய் ஒன்றே செய்கிறது. ("ஒரு வாய் காப்பிதானே, யாருக்குத் தெரியப் போகிறது" என்று ஆபரேஷன் நாள் காலையில் பிளாஸ்க்கைத் திறக்கும் சொந்தக்காரர்களை வாசலிலேயே தடுத்து நிறுத்துங்கள். குழாய் போய்ச் சேருவதற்கு முந்திய அந்தச் சில விநாடிகளில் அந்தக் காப்பி உயிருக்கு உலை வைத்துவிடும்.)

குழாயைச் செலுத்துவது எப்படி என்று பார்ப்போம். முதலில் முகத்தில் ஒரு முகமூடியை வைத்து மூன்று நிமிஷம் போலச் சுத்தப் பிராணவாயுவைச் சுவாசிக்கச் சொல்கிறார்கள். அது கைம்முதல். பிறகு மயக்கம். பிறகு தசைத் தளர்ச்சி. டாக்டர் உங்கள் தலைமாட்டில் நின்றுகொண்டு, இடது கையில் விளக்குப் பொருத்திய ஒரு வளைந்த தகட்டை எடுக்கிறார். அதை வாயின் வலது ஓரமாக நுழைத்து, நாக்கை இடப்புறம் ஒதுக்கி, மெல்லத் தூக்குகிறார். தூக்க வேண்டுமே தவிர, கடப்பாறையால் கல்லை நெம்புவது போல மேல் பல்லில் ஊன்றி நெம்பக் கூடாது. சரியாகத் தூக்கினால் உள்ளே இரண்டு வெண்மையான நாண்கள் தெரியும். அவைதான் குரல் நாண்கள். அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக வலது கையால் குழாயைச் செலுத்துகிறார். குழாயின் நுனிக்குச் சற்று மேலே ஒரு சின்னப் பலூன் இருக்கிறது. அதில் காற்று ஏற்றியதும் அது மூச்சுக் குழலின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டு வழியை அடைத்துவிடுகிறது. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடியும் காரியம். இதைச் சொல்ல எனக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது!

பாட்டு வாத்தியாரும் நாயும்

இந்த வித்தையின் கதை ஒரு பாட்டு வாத்தியாரிடம் ஆரம்பிக்கிறது. மானுவேல் கார்ஸியா என்று பெயர். ஸ்பெயின் தேசத்துச் சங்கீதக் குடும்பம். லண்டனில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். பாடும்போது தொண்டைக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. 1854-ல் பல் வைத்தியர் உபயோகிக்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை நீண்ட காம்போடு வாங்கித் தம் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு, இன்னொரு கைக்கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை அதன்மேல் விழச் செய்தார். தம்முடைய குரல் நாண்கள் திறந்து மூடுவதைத் தாமே பார்த்தார். மறு வருஷம் லண்டன் ராயல் சொஸைட்டியில் அதைத் தெரிவித்தார். மனிதர் 101 வயது வாழ்ந்தார். டாக்டர்களுக்குத் தொண்டையின் வாசலைத் திறந்து காட்டியவர் ஒரு சங்கீதக்காரர் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

1878-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து ஸர்ஜன் வில்லியம் மெக்யூவன், நாக்கின் அடியில் கட்டி வந்த ஒரு நோயாளிக்கு, கழுத்தைக் கீறாமல் வாய் வழியாகவே குழாயைச் செலுத்தி மயக்கம் கொடுத்தார். பார்க்கக் கருவி கிடையாது. விரலால் தடவியே வழி கண்டார். முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு இங்கிலாந்தில் ஸிட்கப் என்ற ஊரில் முகத்தைச் சீரமைக்கும் ஆபரேஷன்கள் நடந்தன. முகத்திலேயே ஆபரேஷன் என்றால் மயக்க முகமூடியை எங்கே வைப்பது? ஐவன் மகில், ஸ்டான்லி ரோபாதம் என்ற இரண்டு டாக்டர்கள் அங்கேதான் ரப்பர் குழாய் முறையைத் தினசரி வழக்கமாக்கினார்கள்.

பலூன் வந்த கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் ஆர்தர் கெடல் என்ற டாக்டர் தம் பலூன் குழாய் கசியாது என்று யாரும் நம்பவில்லை என்பதற்காகத் தம் நாயையே மயக்கி, குழாயைப் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்திக் காட்டினார். நாய் தண்ணீருக்கடியில் குழாய் வழியாகச் சுவாசித்துக்கொண்டு நிம்மதியாகக் கிடந்தது. வெளியே எடுத்து மயக்கம் தெளிந்ததும் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நடந்து போயிற்று. நாயின் பெயர் என்ன தெரியுமா? 'ஏர்வே', அதாவது 'காற்று வழி'. அவரும் ரால்ஃப் வாட்டர்ஸும் சேர்ந்து 1928-ல் அந்தக் குழாயைப் பற்றி எழுதி வெளியிட்டார்கள். வளைந்த தகட்டை 1943-ல் செய்தவர் ஆக்ஸ்போர்டில் இருந்த ராபர்ட் மக்கின்டாஷ். இன்றைக்கும் அநேக ஆஸ்பத்திரிகளில் அதுவே புழக்கத்தில் இருக்கிறது.

முதல் ஆபத்து பல்லுக்கு

கதை போதும். குழாய் போகிற வழியில் என்னென்ன சேதம் ஆகக்கூடும் என்பதுதானே நமக்கு வேண்டியது? வெளியிலிருந்து உள்ளே போவோம்.

வாசல்படியில் நிற்பவை மேல் முன் பற்கள். தகடு அவற்றின் ஓரமாகத்தான் போக வேண்டும். ஆடுகிற பல், மூடி போட்ட பல், பாதி சொத்தை விழுந்த பல் இவையெல்லாம் அதற்குப் பகை. டாக்டர் எவ்வளவு நிதானமாகச் செய்தாலும் சில ஆயிரம் பேருக்கு ஒருவருக்குப் பல் உடைகிறது அல்லது பெயர்கிறது. பல் போனால் போகட்டும்; அந்தப் பல் மூச்சுக் குழலில் விழுந்தால் அதை எடுக்க இன்னொரு வைத்தியம் வேண்டும்.

இங்கேதான் நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "பாட்டி, பல் செட் போட்டிருக்கிறீர்களா?" என்று நர்ஸ் கேட்கிறாள். சுற்றிலும் சம்பந்தி வீட்டுக்காரர்கள் நிற்கிறார்கள். பாட்டி வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிடுகிறாள். முப்பது வருஷமாக ஊர் அறியாத ரகசியம் அது, இப்போது மட்டும் ஏன் வெளியே விட வேண்டும்? பாட்டியின் கூச்சம் புரிகிறது. ஆனால் மயக்கத்தில் அந்தச் செட் கழன்று தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டால் மூச்சே அடைபடும். கூட இருக்கும் நீங்கள், எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, நர்ஸின் காதில் மட்டும் சொல்லுங்கள். பாட்டியின் மானமும் பிழைக்கும், பாட்டியும் பிழைப்பாள்.

குழந்தைகள் விஷயத்தில் நேர்மாறு. டான்ஸில் ஆபரேஷனுக்கு வருகிற ஆறு, ஏழு வயதுக் குழந்தைக்குப் பால் பல் ஆடிக்கொண்டிருக்கும் பருவம். எந்தப் பல் ஆடுகிறது என்று அம்மாவுக்குத்தான் தெரியும். முன்கூட்டியே காட்டிவிட்டால், விழப் போகிற பல்லாயிருந்தால் உங்கள் சம்மதத்தோடு மயக்கத்திலேயே எடுத்துவிடுவார்கள். பல்லைப் பத்திரமாகக் காகிதத்தில் மடித்து உங்களிடமே கொடுத்தும் விடுவார்கள்.

மூக்குத்தியும் அப்படித்தான். "கல்யாணமான நாளிலிருந்து கழற்றியதே இல்லை" என்று அடம் பிடிப்பவர்கள் உண்டு. முகமூடி சரியாகப் பொருந்தவும், சில ஆபரேஷன்களில் குழாயை மூக்கு வழியாகச் செலுத்தவும் அது இடைஞ்சல். திருகு துருப்பிடித்துக் கழலவில்லை என்றால், ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னாலேயே தட்டானிடம் போய்விட்டு வாருங்கள்.

இப்போது ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்காருங்கள். வாயை நன்றாகத் திறந்து, நாக்கை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டுங்கள். சத்தம் போட வேண்டாம். உள்நாக்கு முழுவதும் தொங்குவது தெரிகிறதா? குழாய் சுலபமாகப் போகக்கூடிய தொண்டை. உள்நாக்கே தெரியாமல் மேலண்ணம் மட்டும் தெரிகிறதா? டாக்டர் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கலாம். இந்தச் சுலபமான சோதனையை 1985-ல் எழுதி உலகுக்குச் சொன்னவர் யார் தெரியுமா? நம் பக்கத்து ஆந்திரத்தில் பிறந்து, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் மயக்க மருந்து நிபுணராக இருந்த டாக்டர் சேஷகிரி மல்லம்பட்டி. எந்த தேசத்து மயக்க மருந்து டாக்டரும் இன்று "மல்லம்பட்டி எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். இது ஒன்றை மட்டும் வைத்து யாரும் தீர்மானிப்பதில்லை. சோதனையில் தேறியவருக்குக் கஷ்டமாவதும், தேறாதவருக்குச் சுலபமாகப் போவதும் உண்டு.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன் பற்களுக்கு நடுவே நுழைக்க முடிகிறதா? இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை என்றால், அதிலும் பாக்கோ பான் மசாலாவோ மெல்லும் வழக்கம் இருந்தால், அசட்டையாக இருக்காதீர்கள். பாக்கு, கன்னத்தின் உட்புறத் தோலை நாளடைவில் நார் நாராக இறுக்கிவிடுகிறது. காரம் பட்டால் வாய் எரியும், கொட்டாவி விட்டால் தாடை முழுசாகத் திறக்காது. அப்படிப்பட்ட வாயில் மயக்கம் கொடுத்த பிறகு குழாயைப் போடுவது பெரும் பாடு. முன்பே தெரிந்தால் வேறு முறைகள் உண்டு. "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பாக்குத்தானே" என்று அதையும் ஒரு பழக்கமாகவே எண்ணாமல் விட்டுவிடுகிறோம். டாக்டர் கேட்டால் சொல்லிவிடுங்கள்.

தொண்டை வலியும் அதிமதுரமும்

குழாய் போட்டவர்களில் நிறையப் பேருக்கு மறுநாள் தொண்டை வலிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நம் குரல்வளை சின்னது, உள்தோல் மெல்லியது. அதனால்தான் பெண்களுக்குச் சற்றுச் சிறிய குழாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழாய் எவ்வளவு பருமனோ அவ்வளவு வலி என்பது ஆராய்ந்து கண்ட விஷயம்.

பலூனுக்கும் இதில் பங்கு உண்டு. ஜடைக்குப் போடும் ரப்பர் பாண்டை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். விரல் நுனி வெளுத்துவிடுகிறது அல்லவா? பலூனில் காற்று அதிகமாகிவிட்டால் மூச்சுக் குழலின் உள்சுவரும் அப்படித்தான் ரத்தமில்லாமல் வெளுக்கும். அதன் அழுத்தம் தண்ணீர் அளவில் 20 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இதை அளக்கச் சின்னக் கடியாரம் போல் ஒரு கருவியும் இருக்கிறது. சில மயக்க வாயுக்கள் ஆபரேஷன் நடக்கும்போதே பலூனுக்குள் ஊடுருவி அதை ஊதிப் பெருக்கச் செய்யும். ஆகையால் ஒரு தடவை அளந்தால் போதாது. நீண்ட ஆபரேஷனில் நடுநடுவே பார்க்க வேண்டும்.

இந்தத் தொண்டை வலி இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் அனுமதித்த பிறகு, வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்புளித்தால் இதமாக இருக்கும்.

மாமியாரின் கஷாயத்துக்கு நான் விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். நம் வித்துவான்கள் கச்சேரிக்கு முன்னால் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் இருக்கிறதே, அதற்கு இந்த விஷயத்தில் இங்கிலீஷ் வைத்தியர்களிடமே மரியாதை கிடைத்திருக்கிறது. லக்னோவில் டாக்டர்கள் மயக்கம் கொடுப்பதற்குச் சற்று முன்னால் அதிமதுரத் தண்ணீரால் கொப்புளிக்க வைத்துப் பார்த்து, தொண்டை வலி குறைந்ததை 2009-ல் வெளியிட்டார்கள். 2013-ல் வியன்னா நகரத்து டாக்டர்கள் 236 பேரிடம் இதைச் சோதித்தார்கள். அவர்களுக்குப் போட்டது நெஞ்சு ஆபரேஷனுக்கான மிகப் பருமனான குழாய். பாதிப் பேருக்கு அதிமதுரக் கொப்புளிப்பு, பாதிப் பேருக்குச் சர்க்கரைத் தண்ணீர். அதிமதுரக்காரர்களிடம் தொண்டை வலி ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆனால் நீங்களாக வீட்டிலிருந்து காய்ச்சி எடுத்துக்கொண்டு போய் வெறும் வயிற்றில் விழுங்கிவிடாதீர்கள். மயக்க மருந்து டாக்டரைக் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும்.

வலி போயிற்று, குரல் எங்கே?

இனிமேல்தான் நான் உங்களை நிறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் வருகிறது.

குரல் கம்முவதும் பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். ஆனால் ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று, தையல் பிரித்தாயிற்று, குரல் மட்டும் திரும்பவில்லை என்றால்? நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதானே. பெண்பிள்ளைக்குக் குரல் சரியில்லை என்றால் அதை ஒரு வியாதியாகவே யாரும் எண்ணுவதில்லை. "கொஞ்ச நாள் வீடு அமைதியாக இருக்கட்டுமே" என்று வீட்டுக்காரர் தமாஷ் செய்வார். நாமும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவோம். நாற்பது குழந்தைகளை அதட்டும் ஆசிரியைக்கு, பாட்டுச் சொல்லிக் கொடுத்துக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு, நாள் முழுவதும் டெலிபோனில் பேசியே சம்பாதிப்பவளுக்கு அது தமாஷா? அவளுடைய கையையோ காலையோ போல அதுவும் ஒரு பிழைப்புக் கருவி அல்லவா?

குரல் திரும்பாமல் இருக்கக் காரணங்கள் பல. குரல் நாண்களைத் திறந்து மூடக் கதவுக் கீல் போல இரண்டு சிறு குருத்தெலும்புகள் இருக்கின்றன. குழாய் போகும்போதோ வரும்போதோ அபூர்வமாக அவற்றில் ஒன்று இடம் பிசகிவிடுகிறது. குரல் காற்றாகப் போகும், விழுங்கினால் வலிக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் அதைப் பழையபடி எடுத்து வைத்துவிடலாம். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தக் கீல் பிசகின இடத்திலேயே இறுகிப் போகும். பலூன் குரல் நாண்களுக்கு மிக அருகே இருந்துவிட்டால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி ஒரு பக்கத்து நாண் அசையாமல் நின்றுவிடும். இது பெரும்பாலும் மாதக் கணக்கில் மெல்லச் சரியாகும். மூன்றாவது, குழாய் சாய்ந்திருந்த பின்பக்கத்தில் சில வாரம் கழித்து ஒரு சதை வளர்வது. இது பெண்களுக்கே அதிகம் வருகிறது. தொண்டையில் என்னவோ ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். செருமிச் செருமிப் பார்ப்போம். செருமச் செரும அது இன்னும் வளரும். குரலுக்கு ஓய்வும், நெஞ்செரிச்சலுக்கு மருந்தும் கொடுத்தே பலருக்கு இது கரைந்துவிடுகிறது.

இவற்றை எல்லாம் வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ளே பார்க்க வேண்டும். மூக்கு வழியாக மெல்லிய காமிராக் குழல் ஒன்றைவிட்டு ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடுவார். ஜலதோஷத்தில் கம்மிய குரலுக்கு நாலு வாரம் வரை பொறுக்கலாம் என்பது வழக்கம். குழாய் போட்டுக்கொண்டவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் குரல் தெளியவில்லை என்றால் போய்விடுங்கள். பாடகிகளும் ஆசிரியைகளும் அதற்கும் முன்பே போகலாம். போனதும் முதல் வார்த்தையாக, "இன்ன தேதியில் எனக்கு ஆபரேஷன் நடந்தது, தொண்டையில் குழாய் போட்டார்கள்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் "தொண்டை கட்டியிருக்கிறது" என்று மட்டும் சொன்னால், அதற்குரிய மாத்திரையைத்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள். அது வரையில் குசுகுசுவென்று பேசுவதுதான் ஓய்வு என்று எண்ண வேண்டாம். குசுகுசுப்பது சில பேருக்குத் தொண்டையை இன்னும் இறுக்கும். பேசாதிருப்பதே ஓய்வு. நமக்கு அது சிரமம்தான்!

'டாக்டருக்குக் கை பழகவில்லை, அதனால்தான் இப்படி ஆயிற்று' என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் மயக்க மருந்து சம்பந்தமாக வந்து முடிந்துபோன 4,460 நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகளைப் புரட்டிப் பார்த்து 1999-ல் டாக்டர் கேரன் டோமினோவும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் 266 பேர் சுவாச வழியில் காயம் பட்டவர்கள். மூன்றில் ஒருவருக்குக் குரல்வளையில். ஆச்சரியம் என்னவென்றால், குரல்வளையில் காயம் பட்டவர்களில் நூற்றுக்கு 80 பேருக்குக் குழாய் எந்தச் சிரமமும் இல்லாமல் முதலில் நினைத்தபடியே போயிருக்கிறது. குழாய் சுலபமாகப் போன தொண்டையிலும் காயம் வரும். ஆகையால் "எல்லாம் நல்லபடியாகத்தான் போட்டோம், உங்களுக்கு ஒன்றும் இருக்காது" என்று ஒரு டாக்டர் மனமாரச் சொன்னாலும், உங்கள் தொண்டை வேறு மாதிரி சொன்னால் தொண்டையை நம்புங்கள்.

அதே கட்டுரையில் இன்னொரு சமாசாரம் இருக்கிறது. அது அபூர்வம், ஆனால் அவசரம். குழாயோ கருவியோ தொண்டைச் சுவரிலோ உணவுக் குழலிலோ துளை செய்துவிடுவது. குழாய் போடச் சிரமப்பட்டவர்கள், 60 வயது தாண்டியவர்கள், பெண்கள் இவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. மூச்சுக் குழல் கிழிவதும் பெண்களுக்கே அதிகம். மூச்சுக் குழல் முழு வளையம் அன்று. குதிரை லாடம் போல முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் வெறும் ஜவ்வு. அந்த ஜவ்வுதான் கிழிகிறது. துளை விழுந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் அதன் அடையாளம் ஆரம்பத்திலேயே தெரிந்தது. மற்றவர்களுக்கு வீட்டுக்கு வந்த பிறகும் தெரியலாம்.

ஆகவே இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தொண்டை வலி நாளுக்கு நாள் குறையும். அதற்குப் பதிலாக வலி ஏறுகிறதா, ஜுரம் வருகிறதா, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லையா, நெஞ்சோ கழுத்தோ வலிக்கிறதா, கழுத்து வீங்கி, அழுத்தினால் கஞ்சி போட்ட புடைவை போல் தோலுக்கடியில் மொடமொடக்கிறதா, மூச்சுத் திணறுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கஷாயம், மாத்திரை, நாளை பார்க்கலாம் எதுவும் வேண்டாம். ஒன்றும் சாப்பிடாமல், குடிக்காமல், அந்த மணியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆபரேஷன் இல்லாமலே குழாய் போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 2020, 2021 கொரோனா நாட்களில் எத்தனை பேர் வாரக்கணக்காக மூச்சுக் கருவியில் இருந்தார்கள்! அப்படி நெடுநாள் குழாய் இருந்தவர்களுக்கு மூச்சுக் குழலில் தழும்பு விழுந்து, பின்னால் வழி குறுகிப் போகலாம். 1969-ல் பாஸ்டனில் ஜோயல் கூப்பர், ஹெர்மீஸ் கிரில்லோ என்ற டாக்டர்கள் இதற்குப் பலூனின் அழுத்தமே காரணம் என்று காட்டினார்கள். பழைய இறுக்கமான பலூன் போய் மிருதுவான பெரிய பலூன் வந்தது. இப்போது அந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, அறவே ஒழியவில்லை. ஐ.ஸி.யு.விலிருந்து பிழைத்து வந்தவருக்குச் சில வாரமோ மாதமோ கழித்து மாடிப்படி ஏறினால் இளைப்பு, மூச்சில் விசில் போன்ற சத்தம் என்றால், ஆஸ்துமா என்று பல பேருக்குத் தவறாகப் பட்டுவிடுகிறது. 'உறிஞ்சு மருந்து வாங்கி மாதக்கணக்காயிற்று, குணம் தெரியவில்லை' என்றால், அந்தப் பழைய குழாயை டாக்டருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

இவ்வளவும் கேட்டுப் பயந்துபோய் ஆபரேஷனையே ஒத்திப் போட்டுவிடாதீர்கள். குழாய் இல்லாத காலத்தில் மயக்கத்திலேயே மூச்சு அடைத்துப் போனவர்களோடு ஒப்பிட்டால், நம் தொண்டை வலி ஒரு பொருட்டல்ல. குழாயே வேண்டாத வழிகளும் இருக்கின்றன. ஸிஸேரியன் ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் முதுகில் ஒரு ஊசியோடு சரி; குழந்தையின் முதல் அழுகையை அம்மா விழித்திருந்தே கேட்கிறாள். 1981-ல் லண்டனில் டாக்டர் ஆர்ச்சி பிரெய்ன் குரல் நாண்களைத் தாண்டாமல் அவற்றின் மேலேயே உட்காரும் ஒரு ரப்பர்க் கவசத்தை யோசித்துச் செய்தார். வயிறு காலியாக இருந்து, சிறிய ஆபரேஷனாகவும் இருந்தால் அது போதும். தகட்டின் நுனியில் காமிரா வைத்து டெலிவிஷன் போலத் திரையில் பார்த்துக் குழாய் போடும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றால் கஷ்டமான தொண்டைகள் சுலபமாகியிருக்கின்றன. ஆனால் டாக்டரின் கண் திரையிலேயே இருந்தால் குழாய் போகிற வழியில் மேலண்ணத்தைக் குத்திவிடுவதும் நடந்திருக்கிறது. எந்தக் கருவி வந்தாலும், வாயையும் பார்க்க வேண்டும்.

எந்த முறை உங்களுக்கு ஏற்றது என்பதை மயக்க மருந்து டாக்டர் தீர்மானிப்பார். அவர் ஸர்ஜனைப் போலப் பெயர் பெற்றவராக இருக்க மாட்டார். முதல் நாள் சாயந்திரமோ அன்று காலையிலோ வந்து பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போவார். அந்தப் பத்து நிமிஷத்தை, "எல்லாம் அவருக்குத் தெரியும்" என்று வீட்டுக்காரரைப் பேசவிட்டுவிட்டு நீங்கள் தலையாட்டிக்கொண்டிருக்காதீர்கள். பல், பாக்கு, நெஞ்செரிச்சல், கழுத்து வலி, மூட்டு வாதம், கழுத்துக் கழலை, உங்கள் குரலால் நடக்கும் உத்தியோகம், போன தடவை ஆபரேஷனில் ஏதாவது கஷ்டம் ஆயிற்றா என்பது, எல்லாவற்றையும் நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கடைசி விஷயத்துக்காக இன்னும் ஒரு காரியம். ஆபரேஷன் முடிந்து, "உங்களுக்குக் குழாய் போடக் கொஞ்சம் சிரமப்பட்டோம்" என்று டாக்டர் சொன்னால், "அதனால் என்ன, நல்லபடியாக முடிந்ததே" என்று கைகூப்பிவிட்டு வந்துவிடாதீர்கள். என்ன சிரமம், எந்தக் கருவியால், எத்தனை நம்பர் குழாய் போயிற்று என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தை ஸ்கேன் படங்களோடு பரண்மேல் போடாமல், ஆதார் கார்டுக்குப் பின்னால் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னும் ஒருவருக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். அடுத்த தடவை நீங்கள் எந்த ஊரில், எந்த ராத்திரியில், பேச முடியாத நிலையில் போய்ப் படுப்பீர்களோ, அங்கே தலைமாட்டில் நிற்கும் புது டாக்டருக்கு உங்கள் தொண்டையைப் பற்றிச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.